ரத்தமும் பசுபதி சார் முடித்துவைத்த வாக்கியங்களும்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பீர்கள். அவர் அதை முடிப்பார். "நேத்து டாக்டர்கிட்ட போயிருந்தேன், அவர் என்ன சொன்னார்னா..." என்று நீங்கள் மூச்சு வாங்குகிற அந்த அரை நொடி அவருக்குப் போதும். "சுகர்தானே" என்பார். உங்களுக்கு வந்திருப்பது தோள்வலி. அதனால் என்ன? சுகருக்கும் தோளுக்கும் உள்ள உறவைப் பத்து நிமிடம் விளக்கி, வெந்தயத்தை எத்தனை மணிக்கு ஊறப்போட வேண்டும் என்பதையும் சொல்லி, கடைசியில் உங்கள் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவைப்பார். தோள்வலியோடு போன நீங்கள் சுகரோடு வீடு திரும்புவீர்கள்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் முடித்துவைப்போர்.

இவர்களை அடையாளம் கண்டுகொள்வது மிகச் சுலபம். நீங்கள் பேசும்போது இவர்கள் காது உங்கள் பக்கம் இருக்காது. வாய்தான் உங்கள் பக்கம் இருக்கும், லேசாகத் திறந்தபடி, பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கத் தயாராகப் படியில் நிற்பவரைப் போல. குழாய் சரிபார்க்க வந்தவருக்குக் குழாயையும், மின்சாரம் பார்க்க வந்தவருக்கு மின்சாரத்தையும், கல்யாண வீட்டில் தவில்காரருக்குத் தாளத்தையும், ஆட்டோக்காரருக்கு அவர் இருபது வருடமாக ஓட்டும் வழியையும், அவரவர் கேட்காமலே எடுத்துச் சொல்லி, அவர்கள் திருதிருவென்று விழிப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்கள். "சிம்பிளா சொல்லணும்னா" என்பது தொடக்கம். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பது முடிவு. இரண்டுக்கும் நடுவில் எதிராளி சொன்னது எதுவும் இருக்காது. கெட்டவர்களா? இல்லவே இல்லை. இவர்களைப் போல் ஓடி வந்து உதவுபவர்கள் கிடையாது. அதுதான் சிக்கலே.

கோச்சடையில் என் எதிர்வீட்டுப் பசுபதி சார் இந்த இனத்தின் மேலான மாதிரி. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பட்டையாக விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு பதில். அவர் மனைவி பட்டு மாமி கணக்கு டீச்சராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் நாற்பது நிமிடப் பீரியடை முழுதாகப் பேசிய அந்த அம்மாள், வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஏன்னா, இந்த கேஸ் சிலிண்டர்..." என்று ஆரம்பிப்பார். "புக் பண்ணியாச்சு" என்று பதில் வரும். சிலிண்டர் கசிகிறது என்று சொல்ல வந்திருப்பார்.

இவர்களோடு மாதங்கி இருந்தாள். பட்டு மாமியின் அண்ணன் மகள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாமியை அத்தை என்றும் சாரை அத்திம்பேர் என்றும் கூப்பிடுவாள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீம் என்ற பொருள் இருக்கிறதே, அதைக் கட்டுவதற்கான முதல் கற்களைப் பாக்டீரியாக்கள் எப்படிச் செய்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இதை இவ்வளவு முழுதாக நானே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அவள் முதன்முதலில் என்னிடம் "பாக்டீரியா எப்படி ஹீமுக்கு..." என்று தொடங்கியபோது பசுபதி சார் பக்கத்தில் இருந்தார். "ரத்தம் ஊறறதைப் பத்திப் படிக்கறா, ஜெயராம். சிம்பிளா சொல்லணும்னா, பீட்ரூட்" என்று முடித்துவைத்தார்.

மாதங்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு வருடமாக அவள் செய்த ஆராய்ச்சி ஒரே காய்கறியில் முடிந்துபோனது.

நான் கார் வைத்திருப்பவன். அதனால் இந்தக் கதையில் எல்லா இடத்திலும் இருக்கிறேன். ஆவணி மாதத்தில் ஒருநாள் கொட்டாம்பட்டிக்குப் போக வேண்டும் என்றாள் மாதங்கி. அங்கே வெள்ளைத்துரை என்பவர் மானாவாரியில் நிலக்கடலை போட்டிருந்தார். அந்தச் செடியின் வேரில் இருக்கும் பாக்டீரியா அவளுக்கு வேண்டும். நானும் அவளும் போவதாகத்தான் ஏற்பாடு. பசுபதி சார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கடலைக் காட்டுக்குள் இறங்கியதும் வெள்ளைத்துரை ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினார். வேர் முழுக்கக் கடுகளவு கடுகளவாக முடிச்சுகள். மாதங்கி குனிவதற்குள் பசுபதி சார் செடியைக் கையில் வாங்கிவிட்டார். இது வேர்ப்புழு என்றார். போன வாரம்தான் இதைப் பற்றிப் படித்ததாகவும், உடனே மருந்து அடிக்காவிட்டால் பக்கத்துக் காடுகளுக்கும் பரவும் என்றும், இத்தனை வருட விவசாயத்தில் இதைக் கவனிக்காமல் விட்டது ஆச்சரியம் என்றும் சொன்னார். வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு முடிச்சைக் கிள்ளி எடுத்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். உள்ளே ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு.

"நோய் இல்லைங்க சார். உள்ள இப்படிச் செவப்பா இருந்துச்சுன்னா செடி நல்லாருக்குன்னு அர்த்தம். வெளுத்துப் போயிருந்தாத்தான் நான் கவலப்படணும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பசுபதி சார்.

வெள்ளைத்துரை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மாதங்கி பக்கம் திரும்பி, "தாயி, எம்புட்டுச் செடி வேணும்?" என்று கேட்டார். அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

இவ்வளவும் வேடிக்கைதான். நானும் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். வேடிக்கை அல்லாத ஒன்று அதே வீட்டில் மெல்ல வளர்ந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பட்டு மாமிக்கு அசதி. முதலில் கோலம் சுருங்கியது. பதினைந்து புள்ளி வைத்துப் போடுகிறவர் ஏழுக்கு வந்து, பிறகு நான்கு இழுப்பில் முடித்துக்கொண்டார். வயசாயிடுத்து, குனிஞ்சா கஷ்டமா இருக்காதா என்று பசுபதி சார் விளக்கினார். அடுத்து, மாமி என்னோடு அரசரடி வரை மருந்து வாங்க நடந்து வந்தபோது ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. இன்னொன்று பாதி வழியில் கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை. நான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். பசுபதி சார் அன்று சாயங்காலம், இப்போது வருகிற செருப்புகளின் வார் எப்படித் தரம் கெட்டுப்போயிற்று என்று எனக்கு அரை மணி நேரம் சொன்னார். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று மாமி சொன்னது வாயு ஆயிற்று. நாக்கு எரிகிறது என்றது மிளகாய் ஆயிற்று. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடியது, மாமி எப்போதுமே அப்படித்தான் என்று ஆயிற்று. முகம் வெளுத்திருந்ததை மட்டும் அவர் நோய் என்று ஒப்புக்கொண்டார். ரத்தம் குறைவு. அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது.

பீட்ரூட்.

காலையில் பீட்ரூட் சாறு, மத்தியானம் பீட்ரூட் பொரியல், சாயங்காலம் மாதுளை. ரத்தம் சிவப்பு, பீட்ரூட் சிவப்பு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. பீட்ரூட்டின் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மாதங்கி சாப்பாட்டு நேரத்தில் நான்கு தடவை சொல்லத் தொடங்கினாள். நான்கு தடவையும் "ரெண்டும் வேற..." என்பதோடு அவள் வாக்கியம் நின்றது. மீதியை அவர் முடித்தார். ஐந்தாவது தடவை அவள் தொடங்கவில்லை. மோர் இல்லாத சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

மோர் இல்லாதது ஏன் என்று சொல்லவில்லையே. மூன்று வருடங்களுக்கு முன் பசுபதி சாருக்குப் போனில் ஒரு வீடியோ வந்தது. பால் மனிதனுக்கு ஆகுமா ஆகாதா என்பது பற்றி. இருபது நிமிட வீடியோ. அவர் நான்கு நிமிடம் பார்த்தார். மீதிப் பதினாறு நிமிடத்தைத் தானே முடித்துவைத்துக்கொண்டார். மறுநாள் பால்காரரை நிறுத்தினார். தயிர், மோர், நெய் எல்லாம் அந்த வீட்டை விட்டு வெளியேறின. தலைமுறை தலைமுறையாக முட்டைகூட நுழையாத சமையலறை அது. மாமி ஒரு சொட்டுப் பால் இல்லாமல் கடுங்காப்பி குடிக்கப் பழகினார். சாரும் வீட்டில் கடுங்காப்பிதான். ஆனால் தினமும் காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும் பைபாஸ் ரோட்டோரக் கடையில் நுரை ததும்பும் பித்தளை டம்ளரோடு அவரை நான் பார்த்திருக்கிறேன். வெளியில் சாப்பிடுவது கணக்கில் வராது என்பது அவர் எண்ணம் என்று நினைக்கிறேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

பிப்ரவரி மாதக் கடைசியில் மாதங்கியின் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. பொதுமக்கள் வரலாம். மாமிக்கு வர வேண்டும் என்று ஆசை. படியேற முடியுமா என்று நான் யோசித்தேன். மெதுவாக ஏறிக்கொள்கிறேன் என்றார். இரண்டாவது மாடியில் மாதங்கியின் ஆய்வுக்கூடம். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மேசையில் ஐந்து கண்ணாடிக் குழாய்களில் வெளிறிய மஞ்சள் நீர், கழுநீரை வடிகட்டி வைத்த மாதிரி. கடலை வேரிலிருந்து எடுத்த பாக்டீரியாவை வளர்த்த நீர் அது. மாதங்கியின் வழிகாட்டியான பேராசிரியை சுபலட்சுமி ஒரு ஓரத்தில் நின்றார். எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பள்ளி மாணவிகள் நோட்டும் கையுமாக.

விளக்கை அணைத்தார்கள். மாதங்கி ஊதா விளக்கைப் போட்டதும் அந்த மங்கல் நீர் ஐந்து குழாயிலும் அடுப்புக் கங்கு போலச் சிவந்து எரிந்தது. பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். நானும்தான். "இந்தச் செவப்பு ஏன் வருதுன்னா..." என்றாள் மாதங்கி.

"சிம்பிளா சொல்லணும்னா" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

பசுபதி சார் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ரத்தம் ஊறுவது பற்றி, நிறங்களின் குணம் பற்றி, பிள்ளைகள் தினம் சாப்பிட வேண்டிய பீட்ரூட் பற்றி அவர் சொல்லச் சொல்ல, பாவம், அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பேராசிரியை தொண்டையைக் கனைத்தார். சார் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அப்போதுதான் என் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். பட்டு மாமி தரையில் உட்கார்ந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"லைட்டை அணைச்சதும் தரையைக் காணோம், ஜெயராம்" என்றார் மெதுவாக. "கால் எங்க இருக்குன்னே தெரியலை."

இருட்டில் நாற்காலி தடுக்கியிருக்கும் என்றார் பசுபதி சார். அங்கே நாற்காலியே இல்லை. மாதங்கி வந்து அத்தையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிகிறதா என்று கேட்டு, தோளைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். கண்ணை மூடிய மறுநொடி மாமி காற்றில் ஆடும் முருங்கைக் கிளை போல ஆடினார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். வழுவழுவென்று சிவந்திருந்தது. எனக்குச் செருப்பு ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அத்தை, வீட்டுல இல்லேன்னா வெளியிலயாவது, நீ கடைசியா பால் எப்போ சாப்பிட்டே?"

பால் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது, அதனால்தான் இந்த வயதில் இவ்வளவாவது நடமாடுகிறாள் என்று பசுபதி சார் தொடங்கினார்.

"அத்திம்பேர், நான் அத்தையைக் கேட்டேன்" என்றாள் மாதங்கி.

குரலை உயர்த்தவில்லை. மாமி யோசித்து, விரல் விட்டு எண்ணி, கணக்கு டீச்சராகவே பதில் சொன்னார்: "வர்ற சித்திரை வந்தா மூணு வருஷம்." அந்த வாக்கியத்தை யாரும் முடித்துவைக்கவில்லை. அவரே முடித்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. டாக்டர் சத்யப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் மாமியிடம் கேட்ட முதல் ஆறு கேள்விகளுக்கும் பசுபதி சார் பதில் சொன்னார். பசி நன்றாக எடுக்கிறது என்றார். தூக்கம் நன்றாக வருகிறது என்றார். கால் மரத்துப்போவதெல்லாம் கிடையாது என்றார். டாக்டர் ஒரு இரும்புக் கவையை மேசையில் தட்டி, அது ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போதே மாமியின் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியறது" என்றார் பசுபதி சார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சார், இது உங்க காலா?"

பிறகு நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு மாமியைப் பார்த்தே பேசினார். பி12 என்கிற சத்து அடிமட்டத்தில் இருக்கிறது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் வீங்கியிருக்கின்றன. நரம்புகளின் உறையும் கெட ஆரம்பித்திருக்கிறது. இன்றே ஊசி தொடங்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். நடை திரும்பியிருக்காது.

மாமிக்கு உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மறுபடியும் பெஞ்சுக்கு வந்தோம். பசுபதி சார் இரண்டு பேனாக்களையும் பையிலிருந்து எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தார். பிறகு, "அந்த பி12-க்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம், மாது?" என்று கேட்டார்.

மாதங்கி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சந்தேகம்: சொல்லலாமா, பாதியில் போய்விடுமா? நான் தலையசைத்தேன். சொன்னாள். அவ்வளவையும் இடைவெட்டு இல்லாமல் அன்றுதான் நானும் கேட்டேன்.

ஒரு சின்னக் கல் இருக்கிறது, அத்திம்பேர், என்று ஆரம்பித்தாள். பார்த்தால் ஒன்றுமேயில்லாத சின்ன அமிலம். அதில் எட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு சின்ன வளையம். நான்கும் கைகோத்தால் ஒரு பெரிய வளையம். அந்தக் குழாயில் ஊதா வெளிச்சத்தில் சிவந்து எரிந்தது இந்தப் பெரிய வளையம்தான். அதன் நடுவில் இரும்பு உட்கார்ந்தால் ரத்தச் சிவப்பு. கடலை வேர் முடிச்சுக்குள் இருந்த சிவப்பும் அதுவே. மெக்னீசியம் உட்கார்ந்தால் இலைப் பச்சை. ரத்தத்துக்கு வேண்டியதை நம் உடம்பே செய்துகொள்ளும், பச்சையை இலை செய்துகொள்ளும். ஆனால் அதே கல்லில் தொடங்கி, வளையத்தைக் கொஞ்சம் மாற்றிச் செதுக்கி, நடுவில் கோபால்ட்டை உட்காரவைத்தால் அது பி12. அதைச் செய்ய உலகத்தில் நுண்ணுயிர்களை விட்டால் ஆள் கிடையாது. செடிக்கு அது தேவையே இல்லை. அதனால் கீரையில் இல்லை, மாதுளையில் இல்லை. அது இல்லாமல் நமக்குப் புது ரத்த அணு ஒழுங்காகப் பிறக்காது, நரம்பும் நிற்காது.

"பீட்ரூட்ல..." என்றார் பசுபதி சார். அது கேள்வியாக வந்தது.

"இல்லை, அத்திம்பேர்."

"அப்போ நமக்கு எப்படித்தான் வந்துண்டிருந்தது?"

மாட்டின் வயிற்றில் இருக்கிற பாக்டீரியா செய்கிறது, அது பாலில் வருகிறது என்றாள் மாதங்கி. நம் மாதிரி வீட்டுக்கு அது வந்த வழி அது ஒன்றுதான்.

அவர் அதை முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை. எதிர்ச்சுவரில் கைகழுவும் முறையைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது, இவரைப் பற்றி நான் வீட்டில் சொல்லிச் சிரித்தவை எல்லாம் எனக்கே கூச்சமாக இருந்தன.

"நான் வெளியில காப்பி குடிச்சுண்டுதான் இருந்தேன், மாது" என்றார். "தினமும் ரெண்டு வேளை. பாலோட."

மாதங்கி அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

அதற்குள் ஊசி முடிந்து மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பசுபதி சார் எழுந்து போய், குனிந்து, அவர் காலடியில் கோணலாகக் கிடந்த செருப்பை நேராக வைத்தார். மாமி அதைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, எனக்கு ஒண்ணு தோணறது..." என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் தானாகவே நிறுத்தினார். எதிரே பதில் வரவில்லை. சாரின் வாய் திறந்திருந்தது, ஆனால் காத்திருந்தது. மாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கிடைத்த இடத்தை எப்படி நிரப்புவது? சிறிது யோசித்து, "போற வழியில ஒரு நல்ல காப்பி சாப்பிடணும்" என்று முடித்தார்.

சாப்பிட்டோம். மாமி இரண்டு டம்ளர்.

ஊசிகளும் பாலும் தயிருமாக ஆறு மாதத்தில் மாமி நிமிர்ந்துவிட்டார். வலது கால் சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் மரப்பு நிற்கிறது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பசுபதி சார் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? முதல் இரண்டு வாரம் தெருவே பயந்துபோகும் அளவுக்கு மௌனமாக இருந்தார். மூன்றாவது வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச எழுந்தவர், பி12-இல் இறங்கி, கோபால்ட், மாட்டின் வயிறு என்று முக்கால் மணி நேரம் போனார். பாதி தப்பு. பீட்ரூட் இருந்த இடத்தில் இப்போது பி12 உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மாமி பேசத் தொடங்கினால் மட்டும் நிறுத்திவிடுகிறார். கஷ்டப்பட்டுத்தான் நிறுத்துகிறார், தாடை நெறிவது வெளியே தெரிகிறது. மாமியும் அந்த வசதியை வைத்துக்கொண்டு வாக்கியங்களை வேண்டுமென்றே நீட்டுகிறார். ஒரு நாள் மாவடு போடும் முறையை என் மனைவிக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். சார் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மாதங்கிக்கு வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு முந்தைய கடைசிப் படி. சபை கூட்டி நடத்துவார்கள், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பசுபதி சார் முதல் வரிசையில் பட்டு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். மாதங்கி நாற்பது நிமிடம் பேசினாள். அந்த முதல் கல்லைச் செய்ய உயிர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, சில பாக்டீரியாவுக்கு ஒரு வழி, மற்றவற்றுக்கும் செடிகளுக்கும் இன்னொரு வழி, கடலை வேரில் இருப்பது நம் உடம்பு போகிற அதே வழியில் போகிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினாள். தேர்வாளர்கள் கேட்டார்கள். அவள் சொன்னாள். கடைசியில் தலைவர், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்.

பசுபதி சார் கையைத் தூக்கினார்.

பேராசிரியை சுபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டார். மாதங்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசற்கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன். சார் எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கும் அது புதுச் செருப்பு போலக் கடித்திருக்க வேண்டும். சற்று நின்று தொடர்ந்தார். "ஒரே கல்லைச் செய்யறதுக்கு ஒரு வழி போதுமே. ஏன் ரெண்டு வழி?"

சபையில் ஒரு சலசலப்பு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். மாதங்கி சிரித்துவிட்டாள். "அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது, அத்திம்பேர். பலபேர் பலவிதமா ஊகிக்கறா. நல்ல கேள்வி" என்றாள். சார் உட்கார்ந்தார். பட்டு மாமி அவர் பக்கம் திரும்பாமலே அங்கவஸ்திரத்தின் மடிப்பைச் சரிசெய்தார். மாதங்கிக்குப் பட்டம் என்று அறிவித்தபோது சார் கைதட்டிய தட்டில் பின்வரிசைவரை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

காரில் திரும்பும்போது மாமியும் மாதங்கியும் பின்னால் இருந்தார்கள். சார் முன் சீட்டில் சாலையைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் வந்தார். யாருக்கும் தெரியாது என்ற பதில் அவரை என்னவோ செய்துகொண்டிருந்தது. ஒரு பெரிய இனிப்பை வாயில் வைத்துக்கொண்ட குழந்தை மாதிரி அதை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. மனிதர்கள் மாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்தக்கடையில் கிளம்பியவர்கள் பக்கத்து மாட்டுத்தாவணியைக்கூடத் தாண்டவில்லை.

"சிம்பிளா சொல்லணும்னா, மாது, ஏன் ரெண்டு வழின்னா..." என்றார்.

பின் சீட்டில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

சொல்ல வந்தது இதுதான். இந்த இனத்தவர் எங்கோ எதிர்வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஈறு வெளுத்திருக்கிறது, ஒருவேளை உங்களுக்கு... என்று அவர் தொடங்கினார். நான் வாய் நிறையப் பஞ்சோடு, கோபால்ட் நடுவில் உட்காருவது வரைக்கும் அவருக்கு விளக்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டு வரும்போது மாமிக்கு என்ன நோய் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே உங்கள் வாய் லேசாகத் திறந்ததா, இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் விட்டீர்களா? சரி, அது போகட்டும். உங்கள் வீட்டில் இன்றைக்கு யாராவது "எனக்கு என்னன்னா..." என்று ஆரம்பித்தால், தயவுசெய்து...